பழைய வண்டியும் புதிய சீட்டும்: பிரதியின் நேர்மை பற்றிய ஒரு நோக்கு

பொருள் வேறு, அதன் பெயர் வேறு என்பது மெய்யியல் பயிலத் தொடங்கும் மாணவர் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்று. ஆயினும் நடைமுறை வாழ்வில் இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது அத்துணை எளிதன்று. பொருள் நம் கண்முன்னே நிற்கும்போதும், அது இன்னதென்று கூறும் துண்டுக் கடதாசி ஒன்றையே நாம் பெரிதும் நம்புகின்றோம். ஆள் நேரே வந்து நின்றாலும் அடையாள அட்டையைக் கேட்கும் உலகம் இது. அவ்வாறாயின், அத்துண்டுக் கடதாசி அழிந்துபோனவிடத்து அதைப் போன்ற வேறொன்றைச் செய்து அதே இடத்தில் ஒட்டிவைத்தல் அறமாகுமா? எழுதப்பட்டவை யாவும் உண்மையாக இருந்தாலும் அவ்வாறு ஒட்டுவது பொய்யாகக் கூடுமா? இவ்வினாக்களை ஒரு சிறிய உதாரணத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெரிய வினாக்கள் சில வேளைகளிற் சிறிய பொருள்களிலேயே தெளிவாகத் தோன்றுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவிற் பண்ணைக்காரரும் சிறு வியாபாரிகளும் சுமையேற்றுவதற்குப் பயன்படுத்திய பிக்கப் வண்டிகள் பல இன்று விரும்பிப் பேணப்படும் பழம்பொருள்களாகிவிட்டன. 1953ஆம் ஆண்டு வெளிவந்த போர்ட் எஃப்-100, 1960ஆம் ஆண்டுக்கென வெளியான செவ்ரோலே சி-10 ஆகியவற்றின் வழிவந்த வண்டிகள் இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. வைக்கோற் கட்டும் உரமூட்டையும் சுமந்து, மழையிலும் வெயிலிலும் கிடந்து, துருப்பிடித்துப்போன வண்டியொன்றை வாங்கி, அதன் துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, முதலில் இருந்த நிறத்தையே மீண்டும் பூசித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைய கோலத்துக்குக் கொண்டுவருவதைச் சிலர் தம் வாழ்வின் பெருமுயற்சியாகக் கொண்டுள்ளனர். எல்லா வேலையும் முடிந்தபின் ஒரு வெற்றிடம் மட்டும் எஞ்சுகின்றது. அது தொழிற்சாலை ஒட்டியனுப்பிய அடையாளச் சீட்டு இருந்த இடம்.

அச்சீட்டு யாது? 1967 முதல் 1972 வரையான செவ்ரோலே பிக்கப் வண்டிகளில், முன்பலகையிலுள்ள சிறு பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் ஒரு கடதாசிச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். வண்டியின் இலக்கம், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான நீளம், அவ்வண்டிக்கென விசேடமாகப் பூட்டப்பட்ட பாகங்களின் குறியீடுகள் முதலியன அதில் அச்சிடப்பட்டிருக்கும். பிற்காலத்தில் திருத்துவோர் சரியான உதிரிப் பாகத்தைக் கேட்டுப் பெறுவதற்கு உதவுவதே அதன் நோக்கம். போர்ட் வண்டிகளில் இத்தகைய விபரங்கள் சாரதி பக்கக் கதவின் ஓரத்திற் காணப்படும். இவற்றைவிட, ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி விதிகள் வேண்டும் சான்றுச் சீட்டு ஒன்றும் உண்டு. உற்பத்தியாளர் பெயர், உற்பத்தியான மாதமும் ஆண்டும், வண்டி சுமையோடு தாங்கக்கூடிய மொத்த நிறை, ஒவ்வோர் அச்சும் தாங்கக்கூடிய நிறை, வண்டியின் இலக்கம் ஆகியவற்றோடு, உற்பத்தியான நாளில் நடைமுறையிலிருந்த பாதுகாப்புத் தராதரங்களுக்கு அவ்வண்டி அமைவானது என்னும் கூற்றும் அதில் இருத்தல் வேண்டும். அழிக்காமலோ சிதைக்காமலோ கழற்றியெடுக்க முடியாதவாறு அது பொருத்தப்படல் வேண்டும் என்பதும் விதி. இந்த விதியின் உட்கருத்தை நாம் மனங்கொள்ள வேண்டும். சீட்டு ஒரு வண்டியை விட்டு மற்றொரு வண்டிக்குச் செல்லலாகாது. சென்றால் அதன் சொல் செல்லாது.

ஆனாற் காலம் விதிகளை மதிப்பதில்லை. கதவு நெளிந்தால் வேறு வண்டியின் கதவு பூட்டப்படுகின்றது. பெயின்ற் அடிப்பவர் சீட்டையும் சேர்த்துச் சுரண்டிவிடுகின்றார். ஈரமும் வெப்பமும் எழுத்துகளை மங்கச் செய்கின்றன. ஆகவே பழைய சீட்டைப் போன்றே எழுத்தும் நிறமும் அமைந்த புதிய சீட்டை அச்சிட்டுக் கொடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. வண்டிக்காரர் தம் வண்டியின் இலக்கத்தையும் குறியீடுகளையும் எழுதியனுப்பினால் அவை பொறிக்கப்பட்ட சீட்டு அவரிடம் வந்து சேரும். நம்முடைய வினா இவ்விடத்திலேயே எழுகின்றது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. பழைய வண்டியொன்றில் இருக்கும் சீட்டுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. காற்று வடிகட்டியின் மேல் ஒட்டப்பட்ட அறிவுறுத்தல், சில்லு மாற்றும்போது வண்டியை எவ்வாறு உயர்த்துவது என்னும் விளக்கம் போன்றவை அவ்வகை வண்டிகள் அனைத்துக்கும் பொதுவானவை. அமெரிக்க மெய்யியலாளர் சார்ள்ஸ் பேர்ஸ் வகைக்கும் அவ்வகையின் தனியுருவுக்கும் இடையே காட்டிய வேறுபாடு இங்குப் பயன்படும். பொது அறிவுறுத்தல் ஒரு வகையின் தனியுரு. அதை மீண்டும் அச்சிடுவது ஒரு நூலை மறுபதிப்புச் செய்வதைப் போன்றது. மறுபதிப்பு எவரையும் ஏமாற்றுவதில்லை. அதன் பணி முதற்பதிப்பின் பணியே. ஆனால் அடையாளச் சீட்டு உலகில் ஒரேயொரு வண்டியைப் பற்றியது. அஃது அந்த வண்டியோடு ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில் இருந்தது என்பதே அதன் பெறுமதி. நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட தமது கலைமெய்யியல் நூலில் இசையையும் ஓவியத்தையும் இவ்வாறே வேறுபடுத்தினார். இசைக் குறிப்பைப் பிழையின்றிப் படியெடுத்தால் அதுவும் அந்த இசைக் குறிப்பே. ஓவியத்தை எவ்வளவு பிழையின்றிப் படியெடுத்தாலும் அது மூல ஓவியமாவதில்லை; ஏனெனில் எவர் கையால், எப்போது உண்டானது என்னும் வரலாறு அதன் இயல்பிலே கலந்துள்ளது. இந்நோக்கிற் பொது அறிவுறுத்தல் இசைக் குறிப்பை ஒத்தது. அடையாளச் சீட்டு ஓவியத்தை ஒத்தது.

இங்கு ஒருவர் ஒரு தடையை எழுப்பலாம். வண்டியே முழுதும் மாறிவிட்டதே, சீட்டை மட்டும் மூலம் என்று பேசுவதென்ன என்பதே அத்தடை. தீசியசின் கப்பலை அதேன்சு மக்கள் பேணிவந்த கதையைப் புளூட்டார்க் கூறுகின்றார். உக்கிய பலகைகளை நீக்கிப் புதிய பலகைகளை இட்டு வந்தமையால், அது அதே கப்பலா அன்றா என்று மெய்யியலாளர் வாதிட்டனர். 1655இல் வெளியான தமது நூலில் தோமஸ் ஹொப்ஸ் இவ்வாதத்தை மேலுஞ் சிக்கலாக்கினார். கழித்த பழம் பலகைகளை ஒருவர் சேகரித்து அதே ஒழுங்கில் மீண்டும் பொருத்தினால் இரு கப்பல்கள் நிற்குமே, அவற்றுள் எது தீசியசின் கப்பல் என்பது அவர் வினா. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் கூறிய தேர் உவமையும் நாம் அறிந்ததே. அச்சு தேரன்று, சில்லு தேரன்று, நுகம் தேரன்று. இவை கூடியவிடத்து வழங்கும் ஒரு பெயரே தேர். இம்மரபுகளை ஏற்போமாயின், புதுக்கதவும் புதுப்பெயின்றும் பெற்ற வண்டி அதே வண்டியா என்பதற்குப் பொருளின் உள்ளே விடையைத் தேடிப் பயனில்லை. வழக்கும் பதிவுமே விடை கூறும்.

ஆனால் இத்தடை எதிர்பார்த்ததற்கு மாறான முடிவுக்கே நம்மைக் கொண்டுசெல்கின்றது. பாகங்கள் மாறக்கூடியவை என்பதனாலேயே பதிவின் பொறுப்பு மிகுகின்றது. வண்டியின் தொடர்ச்சியைப் பலகைகளும் இரும்பும் காக்கவில்லையாயின், அதைக் காப்பது இலக்கமும் அதைச் சுற்றியுள்ள சான்றுகளுமே. புதிய கதவு தன்னைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. சீட்டோ பேசுகின்றது. பேசாத பொருளை மாற்றுவதற்கும் பேசும் பொருளை மாற்றுவதற்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. என் வண்டிச் சீட்டிலிருந்த விபரங்களை நான் அறிவேன். அவற்றையே எழுத்துப் பிசகாமல் அச்சிடுகின்றேன். ஒவ்வோர் எழுத்தும் உண்மையாயிருக்க அது பொய்யாவது எங்ஙனம் என்று வண்டிக்காரர் வினவலாம். இதற்கு விடை காண, கூற்றின் உண்மையையும் சான்றின் உண்மையையும் நாம் பிரித்தறிதல் வேண்டும். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி கூறவேண்டிய உண்மையை அவர் இறந்தபின் வேறொருவர் அவர் பெயரால் எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டால், கூறப்பட்டவை யாவும் உண்மையாயினும் அந்தக் கையொப்பம் பொய்யே. சீட்டு வெறும் செய்தியைத் தருவதன்று. அதனை இன்னார், இன்ன நாளிற் கூறினார் என்பதையும் சேர்த்தே கூறுகின்றது. ஜே. எல். ஒஸ்ரினின் விரிவுரைகள் 1962இல் நூலுருப்பெற்றன. சில கூற்றுகள் உலகை விவரிப்பன அல்ல, ஒரு செயலைச் செய்வன என்று அவர் அவற்றிற் காட்டினார். வாக்களித்தலும் பெயரிடுதலும் அத்தகையன. இவ்வண்டி தராதரங்களுக்கு அமைவானது எனச் சான்றளிப்பதும் ஒரு செயலே. அச்செயலைச் செய்யும் உரிமை உற்பத்தியாளர்க்கே உரியது. அச்சகத்தாரோ வண்டிக்காரரோ அச்சொற்களை மேற்கோளாக எடுத்துக் காட்டலாம். தம் வாயாற் கூறலாகாது. மேற்கோளுக்கும் கூற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மேற்கோட் குறியிலேதான் இருக்கின்றது. புதிய சீட்டில் இல்லாதது அந்த மேற்கோட் குறியே.

இதுகாறும் நேர்மையாளர் ஒருவரையே எடுத்துக்கொண்டோம். இனி வேறிருவரையும் நோக்குவோம். ஒருவரின் வண்டி தொழிற்சாலையிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. பின்னர் வி-8 எஞ்சினை அவர் பூட்டினார். அதிலே குற்றமில்லை. ஆனால் புதிய சீட்டிலும் வி-8 எஞ்சினுக்குரிய குறியீட்டையே பொறிக்கச் சொன்னால், அவர் வண்டியை மட்டுமன்றி அதன் பிறப்பையும் மாற்றுகின்றார். அரிதான பாகங்களோடு பிறந்த வண்டிக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதால் இது வெறும் ஆசையோடு நிற்பதில்லை. வாங்குபவரின் பணத்தைக் கவரும் செயலாகின்றது. மற்றவர் வஞ்சகர் அல்லர். பழைய சீட்டின் பாதியே வாசிக்கக்கூடியதாயிருக்க, மீதியைத் தம் ஊகத்தால் நிரப்புகின்றார். சுமைதாங்கும் நிறையை ஒத்த வண்டியொன்றைப் பார்த்து எழுதிவிடுகின்றார். அவருடைய வண்டியின் வில்லும் அச்சும் அவ்வளவு வலுவற்றனவாயின், அந்த எண்ணை நம்பிச் சுமையேற்றுபவர் ஆபத்துக்குள்ளாவார். இங்கு ஒழுக்கப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினையாகவும் மாறுகின்றது.

இலக்கத்தைப் பொறுத்தவரை சட்டம் கடுமையானது. 1981ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட பொது முறை ஐக்கிய அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் முறையைக் கையாண்டனர். 1984இல் இயற்றப்பட்ட வாகனத் திருட்டுத் தடுப்புச் சட்டம், வாகனத்தின் அடையாள இலக்கத்தை அறிந்தே நீக்குவதையும் மாற்றுவதையும் சமஷ்டிக் குற்றமாக்கியது. அதே வேளை, திருத்த வேலைக்கு நியாயமாகத் தேவைப்படும் நீக்கத்துக்கும், மாநிலச் சட்டத்துக்கு அமைய இலக்கத்தை மீட்டமைப்போருக்கும் அச்சட்டம் விலக்களித்துள்ளது. எனவே சட்டம் பிரதியை முற்றாக வெறுக்கவில்லை. எவருக்கும் தெரியாமல் நிகழும் மாற்றத்தையே அது வெறுக்கின்றது. ஆயினும், சட்டத்தின் தண்டனைக்குத் தப்பிய செயல்கள் யாவும் அறத்தின் பாற்பட்டன ஆகா. ஆதலால் நாம் மேலும் ஆராயவேண்டியுள்ளது.

இமானுவல் கான்ற் 1785இல் முன்வைத்த பொதுமைச் சோதனையை இங்குப் பிரயோகித்துப் பார்க்கலாம். பழைய சீட்டை இழந்த ஒவ்வொருவரும், பிரதியென்று கூறாமலே மூலத்தை ஒத்த பிரதியை ஒட்டிவைப்பதைப் பொது விதியாக்குவோம். அப்போது எந்தச் சீட்டையும் எவரும் நம்பார். உண்மையான பழஞ்சீட்டும் தன் பெறுமதியை இழக்கும். பிரதியை நாடியவர் விரும்பியதும் அந்தப் பெறுமதியையே அல்லவா? ஆகவே அச்செயல் தான் சார்ந்து நிற்கும் நம்பிக்கையைத் தானே அரித்துவிடுகின்றது. மறைவான பிரதி என்பது மற்றையோர் நேர்மையின் மேல் ஏறிச் செல்லும் பயணம் எனலாம்.

அவ்வாறாயின் அந்த இடத்தை வெறுமையாகவே விடவேண்டுமா? அவ்வாறு கூறுவதும் முழுமையான விடையன்று. விபரங்கள் பயனுள்ளவை, அவற்றை எழுதிவைப்பது நன்று. பழையதை முழுமையாகக் காணவேண்டும் என்னும் வேட்கையும் இழிவானதன்று. இவ்விக்கட்டுக்குப் பழஞ்சின்னங்களைப் பேணும் துறை ஒரு வழியைக் காட்டியுள்ளது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இரு நெறிகளை வகுத்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிடல் வேண்டும் என்பது ஒன்று. இழந்த பகுதிக்கு ஈடாக வைக்கப்படுவது முழுமையோடு இசைந்திருப்பினும் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாயிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. கட்டடங்களுக்கும் சின்னங்களுக்கும் கூறப்பட்ட இந்நெறி வண்டிச் சீட்டுக்கும் பொருந்தாமற் போவதற்குக் காரணமில்லை.

இவ்வறத்தை ஐரோப்பாவிடமிருந்துதான் நாம் கற்கவேண்டும் என்பதுமில்லை. முதலாம் இராசராசன் காலத்தில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. சுவர்களை இடிக்குமுன் அவற்றிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்குமாறு ஆணை பிறந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. சோழர் காலத்தில் இவ்வாறு மீண்டும் வெட்டப்பட்ட சாசனங்கள் சிலவற்றில், அது பழங்கற்படி, அதாவது பழைய கல்லின் படி, என்னும் குறிப்பும் உண்டு. அந்தச் சொல்லின் பெருமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலமும் விளக்கும் நெல்லும் பற்றிய உரிமைகள் அக்கல்லிலே தங்கியிருந்தன. அக்குறிப்பை வெட்டாமல் விட்டிருந்தாலும் கண்டுபிடிப்பவர் எவருமிலர். ஆயினும் வெட்டினர். தன்னைப் படியென்று கூறிக்கொண்டதனால் அக்கல்லின் அதிகாரம் குறையவில்லை. இன்று அதனை வாசிக்கும் வரலாற்று மாணவர் அதை ஐயமின்றிக் கையாள முடிவதும் அந்த ஒரு சொல்லினாலேயே. ஏடுகளைப் பதிப்பித்த நம் முன்னோரிற் சிறந்தோரும், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டியும் பாடபேதத்தை அடிக்குறிப்பில் இட்டும் சென்றனர். தம் சொல்லால் நிரப்பியிருந்தால் நூல் முழுமையாகத் தோன்றியிருக்கும். ஆனால் அதனை நம்பியிருக்க முடியாது.

நம்முடைய அண்மைக்கால அனுபவமும் இதையே கூறுகின்றது. போரினால் இடம்பெயர்ந்தோர் பலர் தம் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்தனர். பின்னர் பதிவகங்களிற் பெற்ற பிரதிகளைக் கொண்டே பாடசாலையிற் சேர்ந்தனர், தொழிலுக்கு விண்ணப்பித்தனர். அத்தாள்கள் தம்மைப் பிரதியென்று மறைக்கவில்லை. யார், எந்த நாளில், எந்தப் பதிவிலிருந்து எடுத்தார் என்பதை முத்திரையோடு கூறின. அவ்வாறு கூறியமையே அவற்றின் பலம். மூலத்தை இழந்தவன் பொய்யனாக வேண்டியதில்லை என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதிலிருந்து வண்டிக்காரருக்குரிய நடைமுறை விதிகள் சிலவற்றைப் பெறலாம். பழைய சீட்டின் எச்சம் எவ்வளவு சிறியதாயினும் அதனை எறிந்துவிடாது பேணுதல் வேண்டும். புதிய சீட்டில் ஆதாரமுள்ள விபரங்களை மட்டும் பொறித்து, ஆதாரமற்ற இடத்தை வெறுமையாக விடுதல் வேண்டும். இது பிரதியென்பதையும் அச்சிட்ட ஆண்டையும் அதன் ஓரத்திலேனும் குறித்தல் வேண்டும். பூட்டப்பட்ட புதிய எஞ்சினைப் பற்றிக் கூற விரும்பினால், அதைத் தம் பெயராலே தனித்தாளில் எழுதிவைக்கலாம். இவை அழகைக் கெடுக்குமென்று சிலர் கூறுவர். ஓரத்திலுள்ள சிறிய வரியொன்று கெடுத்துவிடும் அழகு, உண்மையில் அழகன்று; பார்ப்பவர் ஏமாறவேண்டும் என்னும் விருப்பமே.

ஆனால் நான் விற்கப்போவதில்லையே, என் மனமறிய எவரையும் ஏமாற்றவில்லையே என்னும் கடைசி வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. என் எண்ணத்தில் இவ்வினா முழுவதற்கும் உயிர்நாடி இதுவே. ஒருவரின் நேர்மை அவருடைய உள்ளத்திலிருக்கின்றது, சீட்டோ வண்டியிலிருக்கின்றது. அவர் மறைந்தபின் மக்கள் விற்பர். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார். மூன்றாவதாக வாங்குபவர் அவரைக் கண்டதுமில்லை, கேட்பதற்கு வழியுமில்லை. பொருள் அதை உடையவரின் ஆயுளைக் கடந்து செல்வது. அவருடைய நல்லெண்ணம் அதனோடு செல்வதில்லை. எழுதிவைத்தால் மட்டுமே செல்லும். ஆகவே பொய்யாமை என்பது கூறும் கணத்தோடு முடிவதன்று; கூறியது எவ்வளவு காலம் நிற்குமோ அவ்வளவு காலத்துக்கும் அதற்கான பொறுப்பு நீள்கின்றது. இன்னும் பிறவாத ஒருவருக்கும் உண்மையைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம் என்பதை ஒரு சிறு கடதாசிச் சீட்டு நமக்கு உணர்த்துகின்றது.

அமெரிக்கப் பண்ணையொன்றின் பழைய வண்டியைப் பற்றி நாம் கவலைப்படுவானேன் என்று கேட்போர் உளராயின், அவர்களுக்குக் கூறக்கூடியது ஒன்றே. பிறருடைய குறிப்பேட்டைப் படியெடுக்கும்போதும், மேற்கோட் குறியை விட்டுவிட்டுக் கட்டுரை எழுதும்போதும், நாமும் ஒரு வெற்றிடத்தில் ஏதோவொன்றை ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றோம். அது படியாயின் படியென்று எழுதிவைப்போம். கல்லில் வெட்டியவர்களுக்கு முடிந்த அந்த ஒரு சொல், கடதாசியில் எழுதும் நமக்கு முடியாததன்று.